பெல்ஜியம் வியாபாரி ஒருத்தர் மேயரான வாழ்க்கையைத் தேடி எழுதுறது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டு பெல்ஜியத்துல ஒரு வியாபாரி மேயர் ஆகியிருந்தார்னா அவரைப் பத்திக் கிடைக்கிற எழுத்து எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் இருக்கும், இந்த வருஷம் பொறந்தார், இந்த வருஷம் மேயர் ஆனார், துறைமுகத்தைப் பெருசாக்கினார், அவர் பேர்ல ஒரு தெரு இருக்கு, அவ்வளவு தான். அதுக்கு முன்னாடி இருபது முப்பது வருஷம் அந்த மனுஷன் என்ன வித்தார், யார் வீட்டுப் பொண்ணைக் கட்டினார், நெதர்லாந்துகிட்ட இருந்து பெல்ஜியம் பிரிஞ்ச 1830 புரட்சி நடந்தப்போ எந்தப் பக்கம் நின்னார், இதெல்லாம் "வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தார்"னு ஒரே வரியில போயிடும். எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம் உண்டு, ஏன்னா மேயரா அவர் எடுத்த முடிவுகளோட வேர் பெரும்பாலும் அந்த வியாபார வருஷங்கள்ல தான் கிடக்கு. மேயர் வருஷங்களுக்குக் காகிதம் மலை மாதிரி இருக்கும், யார் வேணா எழுதலாம். வியாபாரி வருஷங்களுக்குத் தான் தோண்டணும். அதை எங்க தோண்டுறது, எப்படிப் படிக்கிறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். உதாரணம் எல்லாம் பெரும்பாலும் ஆன்ட்வெர்ப் ஊரை வச்சுத் தான், துறைமுக ஊர்ங்கிறதால வியாபாரமும் நகராட்சியும் அங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்துச்சு.

முதல்ல ஆள் யாருன்னு முடிவு பண்ணணும். ஆன்ட்வெர்ப்ல 1831-ல இருந்து 1848 வரைக்கும் மேயரா இருந்த ஜெரார் ல கிரெல் ஒரு பேங்கர். பிரஸ்ஸல்ஸ்ல 1881-ல இருந்து 1899 வரைக்கும் மேயரா இருந்த சார்ல் பூல்ஸ் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை, அந்தத் தொழிலையே முறையா கத்துக்கிட்டவர், பாரிஸ் இத்தாலின்னு போய்ப் பார்த்துட்டு வந்தவர். கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தோட பழைய வீட்டு முகப்புகளைக் காப்பாத்தணும்னு அவர் அவ்வளவு பிடிவாதமா நின்னதுக்கும், நகரங்களோட அழகைப் பத்தி 1893-ல ஒரு சின்ன புத்தகமே போட்டதுக்கும், நுணுக்கமான கைவேலையைப் பார்த்துப் பழகின கண்ணுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தான் நான் நினைக்கிறேன். இப்படி பெரிய ஆளா எடுத்தா ஏற்கனவே நிறைய பேர் எழுதியிருப்பாங்க, அதுல இருந்து பிச்சு எடுக்குறது ஒரு வேலை. சின்ன ஊர் மேயரா எடுத்தா யாருமே தொட்டிருக்க மாட்டாங்க, ஆனா காகிதமும் கம்மி. முதல் தடவை செய்றவங்க நடுத்தரமான ஊரா, அதோட பதிவேடுகள் ஸ்கேன் பண்ணி நெட்ல போட்ட ஊரா பார்த்து எடுத்துக்கங்க.

அடுத்து ஒரு வார்த்தைப் பிரச்சினை. நாம தமிழ்ல "வியாபாரி"ன்னு சொல்லிடுறோம், ஆனா அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பதிவுல அதுக்கு அஞ்சாறு வார்த்தை இருக்கு, ஒவ்வொண்ணும் வேற படிக்கட்டு. "நெகோஸியான்"னா மொத்தமா, பெரும்பாலும் கடல் கடந்து வியாபாரம் பண்ற பெரிய ஆள். "மர்ஷான்"னா சரக்கு வாங்கி விக்கிற சாதாரண வியாபாரி. "கூர்த்தியே" தரகர், "கொமிஸியோனேர்" மத்தவங்களுக்காக கமிஷன்ல வாங்கி விக்கிறவர், "ஆர்மாத்தர்" கப்பல் வச்சிருக்கிறவர். டச்சுல கூப்மன், விங்கலியர், மாக்கலார், ரேடர்னு வரும். ஒரே ஆள் இருபத்தஞ்சு வயசுல மர்ஷான், நாப்பதுல நெகோஸியான், அறுபதுல "புரோப்ரியேத்தேர்" அதாவது சொத்துக்காரர்னு எழுதிக்கிட்டே போவார். அந்த வார்த்தை மாறுற தேதிகளை மட்டும் வரிசையா ஒரு தாள்ல குறிச்சு வச்சீங்கன்னாலே அவர் வாழ்க்கையோட எலும்புக்கூடு கையில வந்துடும். தொழிலை விட்டுட்டு மேயர் ஆனாரா, தொழில்ல இருந்துக்கிட்டே ஆனாரான்னு இது காட்டிக் கொடுத்துடும்.

தேட ஆரம்பிக்கிறது எங்கன்னா, சாவுல இருந்து. பொறப்புல இருந்து ஆரம்பிக்காதீங்க, அந்தத் தப்பை நான் பண்ணியிருக்கேன். மேயரா இருந்தவர் எப்போ செத்தார்னு பத்திரிகைலயாவது இருக்கும், அந்தத் தேதியை வச்சு மரணப் பதிவை எடுத்தா அதுல வயசு, பொறந்த ஊர், தொழில், அப்பா அம்மா பேர், மனைவி பேர், தகவல் சொல்ல வந்த ரெண்டு பேரோட பேர் எல்லாம் கிடைக்கும். என்ன வியாதியில செத்தார்னு அதுல இருக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தகவல் சொல்ல வந்தவங்க யாருன்னு கவனிங்க, மகனா, மருமகனா, கடையில வேலை பார்த்தவரா, அதுவே ஒரு செய்தி. இந்த சிவில் பதிவுகள் பெல்ஜியத்துல பிரெஞ்சு ஆட்சியில 1796 வாக்குல ஆரம்பிச்சது, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அகரவரிசையில இன்டெக்ஸ் போட்டுருப்பாங்க, அதுல பேரைப் பிடிச்சு பதிவு நம்பருக்குப் போயிடலாம். இப்போதைய சட்டப்படி பொறப்பு 100 வருஷம், கல்யாணம் 75 வருஷம், சாவு 50 வருஷம் தாண்டினா பொதுப் பார்வைக்குத் திறந்தது, அதனால நம்ம ஆளுக்கு எல்லாமே திறந்து தான் இருக்கு. பெல்ஜிய அரசு ஆவணக் காப்பகத்தோட வெப்சைட்ல இலவசமா ஒரு அக்கவுண்ட் போட்டா ஸ்கேன் எல்லாம் பார்க்கலாம், ஃபேமிலி சர்ச்ங்கிற குடும்ப வரலாறு வெப்சைட்லயும் நிறைய இருக்கு.

பேர்ல தான் பாதிப் பேர் வழுக்கி விழுறாங்க. ஒரே மனுஷன் ஒரு பதிவுல ஜான் ஃபிரான்ஸுவா, இன்னொண்ணுல யான் ஃபிரான்ஸ். ஊர் பேரும் அப்படித் தான், ஆன்ட்வெர்ப் பிரெஞ்சுல ஆன்வேர், கென்ட் பிரெஞ்சுல கான், மெகலன் பிரெஞ்சுல மலீன், லூவன் பிரெஞ்சுல லூவேன். ரெண்டு மொழி எழுத்துக்கூட்டலையும் எழுதி வச்சுக்கிட்டு ரெண்டுலயும் தேடணும். இன்னொரு விஷயம், அப்பா பேரையே மகனுக்கு வைக்கிற வழக்கம் சகஜம், பேருக்குப் பின்னாடி "பேர்"னா அப்பா, "ஃபிஸ்"னா மகன். நான் ஒரு தடவை அப்பா மகன் ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு நினைச்சு மாசக்கணக்குல குறிப்பு எடுத்து, கடைசியில அந்த "ஒரே ஆள்" செத்து மூணு வருஷம் கழிச்சு கவுன்சில் கூட்டத்துல கையெழுத்துப் போட்டப்போ தான் முழிச்சுக்கிட்டேன், எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி எழுத வேண்டியதாப் போச்சு. இதுக்கு பெல்ஜியத்துலயே ஒரு நல்ல மருந்து இருக்கு, வசதியான குடும்பத்து ஆம்பளைங்க தன் குடும்பப் பேரோட ஒரு கோடு போட்டு மனைவியோட குடும்பப் பேரையும் சேர்த்துக்குவாங்க, பத்திரிகைலயும் சாவு அறிவிப்புலயும் அப்படித் தான் வரும். அந்த ஜோடிப் பேரைத் தேடுனீங்கன்னா அப்பா, மகன், சித்தப்பா எல்லாம் தனித்தனியா பிரிஞ்சு வந்துடுவாங்க.

தேதிகள்ல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, 1805 முடியுற வரைக்கும் பிரெஞ்சுக் குடியரசு காலண்டர் தான், செப்டம்பர் கடைசியில வருஷம் பொறக்கும், மாசம் எல்லாம் நிவோஸ், புளுவியோஸ், ஜெர்மினால்னு வரும், மாசத்துக்கு 30 நாள், கடைசியில அஞ்சோ ஆறோ நாள் தனியா ஒட்டிக்கிட்டு நிக்கும். 1840-ல மேயரா இருந்தவர் பொறந்தது இந்தக் காலத்துலயா இருக்கலாம், அதனால மாத்தி எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சரி பாருங்க. இன்னொண்ணு, மாசப் பேரைச் சுருக்கி 7 போட்டு பக்கத்துல "ப்ர"ன்னு எழுதியிருப்பாங்க, பார்த்தா ஏழாவது மாசம் ஜூலைன்னு தோணும், ஆனா அது செப்டம்பர், ஏன்னா லத்தீன்ல செப்தெம்னா ஏழு. 8 போட்டா அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் போட்டா டிசம்பர். இது தெரியாம குழந்தையோட ஞானஸ்நானத்தை அது பொறக்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நடத்தி வச்ச குடும்ப வரலாறுகள் எல்லாம் நெட்ல இருக்கு.

கல்யாணப் பதிவு தான் என் கண்ணுல புதையல். ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேர், அவங்க தொழில், நாலு சாட்சிகளோட பேர் தொழில் வயசு, எல்லார் கையெழுத்தும் ஒரே தாள்ல இருக்கும். அந்தக் காலத்து வியாபாரிக்கு கல்யாணங்கிறது மூலதனமும் சேர்ந்து வர்ற விஷயம், மாமனார் சர்க்கரை ஆலைக்காரரா, பேங்கரா, கப்பல்காரரா பாருங்க. சாட்சிகள்ல ஒருத்தர் பிற்காலத்துல இவரோட கம்பெனிப் பங்காளியா வர்றதை நான் பார்த்திருக்கேன். ஆம்பளைக்கு 25 வயசு ஆகலைன்னா அப்பா அம்மா சம்மதம் இல்லாம கட்ட முடியாது, அதனால சம்மதப் பத்திரம் எதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க. கல்யாணப் பதிவோட இணைப்புக் காகிதங்கள் தனிக் கட்டா இருக்கும், பொறப்புச் சான்று, செத்துப்போன பெற்றோரோட மரணச் சான்று, ராணுவச் சேர்க்கைக்குப் பதிஞ்ச சான்று எல்லாம் அங்க. நிறைய பேர் பதிவை மட்டும் பார்த்துட்டு இந்தக் கட்டைத் தொடாம விட்டுடுறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நோட்டரிகிட்ட எழுதின ஒப்பந்தம் இருந்தா அதுல யார் எவ்வளவு கொண்டு வந்தாங்கன்னு ஃபிராங்க் கணக்கோட இருக்கும். பழைய பத்திரம்னா டச்சு கில்டர்ல இருக்கும், ஒரு கில்டர் சுமார் 2.12 ஃபிராங்க்னு வச்சு மாத்திக்கங்க, பெல்ஜியத்துக்குன்னு தனி ஃபிராங்க் வந்தது 1832-ல தான்.

மொழியைப் பத்தி ஒரு வார்த்தை. 1795-ல இருந்து 1814 வரைக்கும் பிரான்ஸ், 1815-ல இருந்து 1830 வரைக்கும் நெதர்லாந்து, அப்புறம் பெல்ஜியம். 1823-ல இருந்து பிளெமிஷ் பக்கத்துல, அதாவது டச்சு பேசுற வடக்குப் பகுதியில, அரசு வேலை டச்சுலன்னு நெதர்லாந்து ராஜா வில்லெம் கொண்டு வந்தார், 1830-க்கு அப்புறம் மறுபடி பிரெஞ்சு கை ஓங்கிடுச்சு. ஒரே ஆளோட பொறப்பு பிரெஞ்சுல, கல்யாணம் டச்சுல, சாவு பிரெஞ்சுலன்னு கிடக்கும். பயப்பட வேண்டாம், பதிவோட வாசகம் எப்பவும் ஒரே அச்சு, பத்துப் பதிவு படிச்சா பதினொண்ணாவது தானா வந்துடும். முதல் வாரம் பேர், வயசு, தொழில், ஊர் இந்த நாலு மட்டும் பிடிச்சாப் போதும்.

1846-ல நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்துச்சு, புள்ளியியல் மேதை கெத்லே அதுக்குப் பின்னாடி இருந்தார், அப்போ நாட்டு ஜனத்தொகை சுமார் 43 லட்சம். அதுல இருந்து ஊர் ஊரா மக்கள்தொகைப் பதிவேடு வச்சாங்க, ஒரு வீட்டுல யார் யார் இருக்காங்க, எங்க பொறந்தாங்க, என்ன தொழில், எந்தத் தெருவுல இருந்து எந்தத் தெருவுக்கு மாறினாங்க எல்லாம் அதுல வரும். வீட்டு வேலைக்காரங்களும் அதே பக்கத்துல இருப்பாங்க, எத்தனை பேருன்னு எண்ணுங்க, வருமானத்துக்கு அது நல்ல அளவுகோல். வீடு மாறுறதும் கதை சொல்லும், துறைமுகத்துப் பக்கம் கிடங்குக்கு மேலயே குடியிருந்தவர் எப்போ அகலமான தெருவுக்குப் போனார்ங்கிறது அவரோட சமூக ஏத்தத்துக்கு அசல் தேதி. ஆன்ட்வெர்ப்ல இந்தப் பதிவேடு எல்லாம் ஃபெலிக்ஸ் ஆர்க்கீஃப்ங்கிற நகர ஆவணக் காப்பகத்துல இருக்கு, 1858-ல கட்டி, 1861-ல தீப்பிடிச்சு, திரும்பக் கட்டின ஒரு சரக்குக் கிடங்கு அது, 2006-ல இருந்து காப்பகம். பிரஸ்ஸல்ஸ் நகரக் காப்பகமும் ஒரு பழைய துணி மொத்த வியாபாரக் கட்டடத்துல தான் இருக்கு. சரக்கு அடுக்கின இடத்துலயே அந்த வியாபாரிங்க பேரும் அடுக்கி இருக்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இப்போ காசு. அவர் எவ்வளவு பெரிய ஆள்னு தெரிஞ்சுக்க வரிப் பதிவு தான் வழி. 1819 சட்டப்படி தொழில் பண்ற ஒவ்வொருத்தரும் பாட்டன்ட்னு ஒரு வரி கட்டணும், அந்தப் பதிவேடு கிடைச்சா தொழிலோட அளவு வருஷத்துக்கு வருஷம் தெரியும். அதை விட சுலபமானது வாக்காளர் பட்டியல், ஏன்னா அப்போ ஓட்டுப் போடுற உரிமை வரி கட்டுறவனுக்கு மட்டும் தான், பட்டியல்லயே யார் எவ்வளவு கட்டுறாங்கன்னு இருக்கும். 1848-ல பார்லிமென்ட் ஓட்டுக்கான வரம்பை 42.32 ஃபிராங்க்குக்குக் குறைச்சப்போ வாக்காளர் எண்ணிக்கை சுமார் 46 ஆயிரத்துல இருந்து 79 ஆயிரத்துக்குப் போச்சு, 43 லட்சம் பேர் இருந்த நாட்டுல. இது மனசுல இல்லாம "மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தாங்க"ன்னு எழுதிடாதீங்க, தேர்ந்தெடுத்தது அவரை மாதிரியே வரி கட்டின ஒரு சின்னக் கூட்டம். இன்னும் மேல போகணும்னா செனட்டுக்கு நிக்கத் தகுதியானவங்க பட்டியலைப் பாருங்க, பொதுவா 1000 கில்டர் நேரடி வரி கட்டுறவங்க தான் அதுல வருவாங்க, உங்க ஆள் பேர் அதுல இருந்தா அவர் நாட்டோட உச்சப் பணக்காரர்கள்ல ஒருத்தர். நிலம் எவ்வளவு வச்சிருந்தார்ங்கிறதுக்கு புரூஜ் ஊர்க்காரர் பொப் போட்ட நில வரைபடங்கள் இருக்கு, சுமார் 1842-ல இருந்து 1879 வரைக்கும் வந்தது, ஒவ்வொரு துண்டு நிலமும் யாருக்குச் சொந்தம், அவர் தொழில் என்ன, எந்த ஊர்ல இருக்கார்னு லிஸ்ட்டோட வரும். எல்லா ஊருக்கும் கிடைக்காது, கிடைச்ச ஊர்ல மணிக்கணக்கா உக்காரலாம்.

அவரோட சொந்தக் கணக்குப் புத்தகம் கிடைக்குமான்னு கேட்டா, பெரும்பாலும் கிடைக்காது. 1807 வணிகச் சட்டப்படி தினக் கணக்கு, அனுப்பின கடிதங்களோட நகல் புத்தகம், வருஷச் சரக்கிருப்பு மூணும் கட்டாயம் வைக்கணும், ஆனா பத்து வருஷம் வச்சிருந்தாப் போதும், அப்புறம் குடும்பத்துல யாராவது தூக்கிப் போட்டுடுவாங்க. அதனால சுத்தி வளைச்சுப் போகணும். அவர் கடிதம் அவர் வீட்டுல இல்லாட்டியும் யாருக்கு எழுதினாரோ அவங்க வீட்டுல இருக்கலாம், அதனால பங்காளிகள், பேங்க், வெளிநாட்டு வாடிக்கையாளர் இவங்க காப்பகங்களைப் பாருங்க. வணிக நீதிமன்றத்துல வழக்கு இருந்தா அதுல கணக்கோட நகல் ஒட்டியிருக்கும், சண்டை போட்ட வியாபாரி நமக்கு அதிகம் விட்டுட்டுப் போவார். லிமிடெட் கம்பெனி ஆரம்பிச்சிருந்தா 1873 வரைக்கும் அதுக்கு ராஜாவோட அனுமதி வேணும், அதனால விதிமுறையும் பங்குதாரர் பேரும் அரசிதழ்ல வந்திருக்கும். துறைமுக ஊர்னா பத்திரிகைல தினமும் கப்பல் வருகைப் பட்டியல் வரும், எந்தக் கப்பல், எங்க இருந்து, என்ன சரக்கு, யார் பேருக்குன்னு. சலிப்பான வேலை தான். ஆனா ஒரு வருஷத்துப் பட்டியலை முழுசா குறிச்சு முடிச்சப்புறம் அவர் காபிக்காரரா, தோல்காரரா, மரக்காரரான்னு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

சரக்கு என்னன்னு தெரிஞ்சதும் அது எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க, இதைத் தவிர்க்கக் கூடாது. பிரேசில் காபி, கியூபா சர்க்கரைன்னா, பிரேசில்ல 1888 வரைக்கும், கியூபால 1886 வரைக்கும் அடிமை முறை இருந்துச்சு. நூற்றாண்டோட கடைசியில ஆன்ட்வெர்ப்ல இறங்கின காங்கோ ரப்பருக்கும் யானைத் தந்தத்துக்கும் பின்னாடி எவ்வளவு கொடுமை இருந்துச்சுன்னு உலகத்துக்கே தெரியும். உங்க ஆள் நேரா அதுல இருந்தாரா, பங்கு மட்டும் வச்சிருந்தாரா, ஒண்ணுமே இல்லையான்னு கிடைச்சதை அப்படியே எழுதுங்க, ஆனா கேக்காம விட்டா அந்த வாழ்க்கை வரலாறு பாதி தான்.

இனி 1830. எந்த பெல்ஜிய வியாபாரி வாழ்க்கைக்கும் இது தான் நடு முடிச்சு, இங்க அவசரப்படாதீங்க. நெதர்லாந்தோட ஒண்ணா இருந்த பதினஞ்சு வருஷம் ஆன்ட்வெர்ப், கென்ட் வியாபாரிங்களுக்கு நல்ல காலம், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளோட வியாபாரம் திறந்திருந்துச்சு. புரட்சி வந்ததும் அது போச்சு. 1830 அக்டோபர் 27 அன்னைக்கு ஆன்ட்வெர்ப் கோட்டைக்குள்ள இருந்த டச்சு ஜெனரல் ஷாஸே ஊர் மேல குண்டு போட்டார், பெரிய சரக்குக் கிடங்கு அதுக்குள்ள இருந்த பொருளோட எரிஞ்சு போச்சு. கோட்டை விழுந்தது 1832 டிசம்பர்ல, பிரெஞ்சுப் படை வந்து முற்றுகை போட்டதுக்கு அப்புறம். நிறைய வியாபாரிங்க ராட்டர்டாமுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் மூட்டை கட்டிட்டாங்க, இருந்தவங்கள்லயும் பல பேர் மனசுக்குள்ள ஆரஞ்சு கட்சி தான், அதாவது டச்சு ராஜா பக்கம். அதனால உங்க ஆள்கிட்ட நீங்க கேக்க வேண்டியது, தங்கினாரா போனாரா, தங்கினா ஏன் தங்கினார், கிடங்குல அவர் சரக்கு எரிஞ்சதா, நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டாரா. ல கிரெல் மாதிரி ஒருத்தர் புது நாட்டோட தேசிய காங்கிரஸ்ல, அதாவது அரசியலமைப்பை எழுதின சபையில, உறுப்பினரா உக்காந்துட்டு அடுத்த வருஷமே மேயர் ஆனார்னா, பக்கத்து வீட்டு வியாபாரி ராட்டர்டாம்ல கடை திறந்துக்கிட்டு இருந்த நேரத்துல அவர் எடுத்த முடிவு அது, அந்தக் கனத்தோட எழுதணும்.

ஆன்ட்வெர்ப் துறைமுகம் இருக்குற ஷெல்ட் ஆறு இதுல தனிக் கதை, ஆனா தெரியாம எழுத முடியாது. ஆத்தோட வாய் டச்சுக்காரங்க கையில, 1648-ல இருந்து பிரெஞ்சுக்காரங்க வர்ற வரைக்கும் கப்பல் போக்குவரத்தையே அடைச்சு வச்சிருந்தாங்க. 1839 லண்டன் ஒப்பந்தத்துல ஆறு திறந்துச்சு, ஆனா டன்னுக்கு 1.50 கில்டர் சுங்கம். கப்பல்கள் வேற துறைமுகத்துக்குப் போயிடக் கூடாதுன்னு அந்தச் சுங்கத்தை பெல்ஜிய அரசே கட்டிக்கிட்டு இருந்துச்சு. கடைசியா 1863 ஜூலை 16 அன்னைக்கு சுமார் 3 கோடி 60 லட்சம் ஃபிராங்க்குக்கு அந்த உரிமையையே விலை கொடுத்து வாங்கினாங்க, பெல்ஜியம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, மீதி கப்பல் ஓட்டுற மத்த நாடுகள். இந்த இருபத்தி நாலு வருஷத்துக்குள்ள மேயரா இருந்த வியாபாரி ஒருத்தர் கவுன்சில்ல வாயைத் திறந்தா ஷெல்ட் வராம இருக்காது. ரயிலையும் சேர்த்துப் பாருங்க, 1835-ல பிரஸ்ஸல்ஸ் மெகலன், 1836-ல ஆன்ட்வெர்ப் வரைக்கும், 1843-ல ஜெர்மனிக் கொலோன் வரைக்கும் லைன் போச்சு. டச்சு ஆத்து வழியை விட்டுட்டு ரைன் பக்கத்துக்குச் சரக்கு அனுப்ப முடிஞ்சது அதனால தான்.

மேயர் ஆனது எப்படின்னு எழுதும்போது சட்டத்தைக் கையில வச்சுக்கங்க. 1836 உள்ளாட்சிச் சட்டப்படி கவுன்சிலர்களை வாக்காளர்கள் ஆறு வருஷத்துக்குத் தேர்ந்தெடுப்பாங்க, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பாதிப் பேர் மாறுவாங்க, மேயரை நியமிக்கிறது ராஜா. அதனால கவுன்சிலுக்கு ஜெயிச்ச தேதி ஒண்ணு, ராஜா ஆணை தேதி ஒண்ணு, பதவி ஏத்த தேதி ஒண்ணு, மூணும் வேற வேற. வெவ்வேற புத்தகத்துல வெவ்வேற வருஷம் போட்டிருந்தா பெரும்பாலும் காரணம் இது தான், எது எந்தத் தேதின்னு தனியாச் சொல்லிடுங்க. மேயருக்கு முன்னாடி அவர் ஷெஃபனா, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினரா இருந்திருக்க வாய்ப்பு அதிகம், எந்தத் துறையைப் பார்த்தார்ங்கிறது முக்கியம், பூல்ஸ் மேயர் ஆகுறதுக்கு முன்னாடி 1879-ல இருந்து கல்வித் துறையைத் தான் பார்த்தார்.

மேயர் வருஷங்களுக்கு கவுன்சில் கூட்ட அறிக்கைகளும், வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னாடி வைக்கிற நிர்வாக அறிக்கையும் தான் அடிப்படை, பிரஸ்ஸல்ஸோட அச்சடிச்ச கவுன்சில் இதழ் நெட்லயே படிக்கலாம். எல்லாத்தையும் படிக்க முடியாது, ரெண்டு மூணு சண்டையைத் தேர்ந்தெடுத்து ஆழமாப் போங்க. ஆன்ட்வெர்ப்னா கோட்டைச் சண்டை மாதிரி ஒண்ணு கிடைக்காது. 1859-ல ஊரைச் சுத்திப் புது ராட்சசக் கோட்டை கட்டுறதுன்னு சட்டம் வந்துச்சு, பிரியால்மோன்ங்கிற ராணுவ இன்ஜினியரோட திட்டம். பழைய ஸ்பானிஷ் மதில் போய் ஊர் விரிஞ்சது நல்லது தான், ஆனா கோட்டையைச் சுத்தி இருக்கிற நிலத்துல கட்டடம் கட்டத் தடை, நஷ்ட ஈடு கிடையாது, ஊர் கொந்தளிச்சுப் போச்சு. மீட்டிங் கட்சின்னு ஒண்ணு இந்த ஒரே கோபத்துல பொறந்துச்சு, 1848-ல இருந்து மேயரா இருந்த லோஸ் 1862-ல இந்தப் பிரச்சினையில தான் பதவியை விட்டார். இந்த மாதிரி சண்டையைப் படிக்கும்போது பொப் வரைபடத்தைப் பக்கத்துல வைங்க, தடை விழுந்த நிலம் யாரோடது, மதில் இடிஞ்சதும் விலை ஏறின மனை யாரோடதுன்னு பாருங்க. மேயரோ அவர் மச்சானோ அங்க இருந்தா எழுதுங்க, இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க, அதுவும் அவருக்கு நாம செய்ற நியாயம்.

பத்திரிகை படிக்கிறதுக்கு ராயல் லைப்ரரியோட பெல்ஜிகா பிரெஸ் போதும், 1918 வரைக்கும் உள்ளதை வீட்டுல இருந்தே இலவசமா படிக்கலாம். ஒரு பத்திரிகையை மட்டும் நம்பாதீங்க. லிபரல், கத்தோலிக்கர்னு ஊரே ரெண்டா நின்ன காலம், ஆன்ட்வெர்ப்ல ல பிரெகூர்சர் லிபரல் பக்கம், ஹெட் ஹாண்டல்ஸ்பிளாட் கத்தோலிக்கப் பக்கம், ஒரே பேச்சை ஒண்ணு மகத்தானதுன்னும் இன்னொண்ணு வெட்கக்கேடுன்னும் எழுதும், ரெண்டையும் ஒரே தேதியில எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சாத் தான் நடந்தது தெரியும். சங்கங்களையும் விடாதீங்க, 1843-ல ஆரம்பிச்ச மிருகக்காட்சிச் சாலைச் சங்கம், இசைச் சங்கம், ஃப்ரீமேசன்ங்கிற ரகசியச் சகோதர அமைப்போட கிளையான லாட்ஜ், சர்ச் நிர்வாகக் குழு, இங்க தான் ஓட்டு உருவாச்சு. ஆன்ட்வெர்ப் லாட்ஜ் ஒண்ணோட பேரே வியாபாரத்தின் நண்பர்கள்னு தான் ஆரம்பிக்கும். லிபரல் ஆளா இருந்தா கென்ட்ல லிபராஸ், கத்தோலிக்கரா இருந்தா லூவன்ல காடோக், ரெண்டு காப்பகத்துக்கும் ஒரு மெயில் போட்டு வைங்க, பதில் சொல்வாங்க.

கடைசிக் காகிதம் சொத்து அறிவிப்பு, செத்ததுக்கு அப்புறம் வாரிசுங்க வரிக்காகக் குடுக்குறது. இதைப் பார்த்து "இவ்வளவு தான் சொத்தா"ன்னு ஏமாந்துடாதீங்க. 1851 சட்டத்துக்கு முன்னாடி பிள்ளைகளுக்குப் போற சொத்துக்கு வரியே இல்ல, அதுக்கு அப்புறமும் பிள்ளைகளுக்குன்னா நிலம், வீடு, அடமானக் கடன் இதுக்கு மட்டும் தான் வரி. கிடங்குல இருக்குற சரக்கு, கப்பல்ல பங்கு, வர வேண்டிய பாக்கி எதுவும் அந்தத் தாள்ல இருக்காது, ஒரு வியாபாரியோட சொத்துல பெரும் பகுதி அது தான். பிள்ளை இல்லாம அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குப் போச்சுன்னா மட்டும் முழு விவரம் கிடைக்கும். மத்தவங்களுக்கு நோட்டரி எழுதின சொத்துப் பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்க, மகன்கள்ல யார் கம்பெனியை எடுத்துக்கிட்டார், யார் நிலத்தை எடுத்துக்கிட்டார்னு அதுல தான் இருக்கும்.

எழுத உக்காரும்போது, தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க, "அன்று காலை அவர் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்தார்"னு கதை கட்ட வேண்டாம், பார்த்தாரான்னு நமக்குத் தெரியாது. அதுக்குப் பதிலா கப்பல் பட்டியல்ல இருந்து அந்த வாரம் அவர் பேருக்கு வந்த சரக்கைச் சொல்லுங்க, படிக்கிறவங்க கண்ணுக்கு அந்த ஜன்னல் தானா தெரியும். பக்கக் கணக்குல பாதியாவது மேயர் ஆகுறதுக்கு முன்னாடி உள்ள வருஷங்களுக்கு ஒதுக்குங்க. ஒவ்வொரு குறிப்புக்கும் எந்தக் காப்பகம், எந்தப் பதிவேடு, எத்தனாவது பதிவுன்னு அப்பவே எழுதி வைங்க, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா மறுபடி கிடைக்காது.

முடிஞ்சா ஒரு தடவை அவர் கல்லறைக்குப் போங்க. ஆன்ட்வெர்ப்ல கீல் கல்லறைத் தோட்டம் மூடினப்போ முக்கியமானவங்க கல்லறையை ஷோன்செல்ஹோஃபுக்கு மாத்தினாங்க, அதனால முதல்ல அங்க கேளுங்க. முன்பக்கம் மேயர்னு பெருசா பொறிச்சிருக்கும், அதை எல்லாரும் போட்டோ எடுத்துட்டாங்க. நீங்க பக்கவாட்டுலயும் பின்னாடியும் சுத்திப் பாருங்க, அதே குழியில யார் யார் பேர் இருக்குன்னு எழுதிக்கங்க, அதுல ஒரு பேர் உங்க கல்யாணப் பதிவோட நாலு சாட்சிகள்ல ஒண்ணா இருக்கான்னு வீட்டுக்கு வந்ததும் ஒத்துப் பாருங்க.